பால்நிலா சோப்பு வாங்காத பதினெட்டுப் பெண்கள்

அனுப்புநர்:
அன்னபுஷ்பம், க/பெ. யேசுராஜ்,
தையல் தொழில்,
மாதா கோயில் தெரு, மண்ணூர்,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்,
காஞ்சிபுரம்.

பொருள்: சலவை சோப்பு வாங்காமல் இருந்ததற்காகப் பதினெட்டுப் பெண்களைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்தது – சோப்புக் கூடத்தில் கை வெந்துபோகும் பெண்களுக்குக் கையுறை தராதது – நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். எந்தக் கட்சியிலும் இல்லை. திருமணமான இந்தப் பத்தொன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமை தவறாமல் துணி துவைத்து வருகிறேன். இன்ன சோப்பைத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இருப்பது சென்ற வாரம் வரை எனக்குத் தெரியாது. அறியாமல் செய்த பிழையாக இருக்கலாம் என்பதால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

2. பிள்ளைப்பாக்கம் போகும் சாலையில் திரு. ரகுபதி அவர்கள் 'பால்நிலா' சலவை சோப்பு தயாரிக்கும் கூடம் நடத்துகிறார். சோப்பின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நன்றாக நுரைக்கும். குழம்புக் கறைகூடப் போகும். உறையின் மேல் ஒரு பெண் சிரித்தபடி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவாள். கீழே 'மென்மையான கைகளுக்கு' என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பெண் எந்த ஊர் என்று தெரியவில்லை. கூடத்தில் வேலை செய்த பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

3. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான சந்திரம்மாள் எங்கள் எதிர்வீட்டுக்காரர். கணவர் இல்லாதவர். சென்ற ஜூலையில் பழைய ஜாக்கெட்டுகள் மூன்றைக் கொண்டுவந்து, கொக்கிகளைப் பிரித்துவிட்டு நாடா வைத்துத் தைத்துத் தரும்படி கேட்டார். இப்போது யாரும் நாடா வைத்து உடுத்துவதில்லையே என்றேன். அவர் கூறியதைக் கூறியபடியே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்: "கொக்கிய மாட்ட முடியலக்கா. வெரலு நுனில தோலே இல்ல. நாடான்னா பல்லால இழுத்து முடிஞ்சிக்குவேன்." கையைப் பார்த்தேன். சோப்புக்குக் காய்ச்சும் காரத் தண்ணீர் பட்டுப் பட்டு, பத்து விரல்களும் வேகவைத்து உரித்த கிழங்கு போல இருந்தன.

4. பயந்த சுபாவமுள்ள சந்திரம்மாள் இரண்டே முறைதான் கையுறை கேட்டிருக்கிறார். முதல் முறை மேஸ்திரி சுப்பிரமணி, கையுறை போட்டுக்கொண்டு தொட்டால் பால்நிலா என்ற முத்திரை சோப்பின் மேல் சரியாக விழாது என்று விளக்கியுள்ளார். இரண்டாம் முறை, புண்ணான கையோடு சோப்பைத் தொடுவது வாங்குகிறவர்களின் ஆரோக்கியத்துக்குக் கேடு என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். எங்கள் ஆரோக்கியத்தின் மேல் நிர்வாகத்துக்கு இவ்வளவு அக்கறை இருப்பதை அன்றுதான் அறிந்தோம்.

5. தொழிற்கூடங்களைப் பார்வையிடும் ஆய்வாளர் ஒருவருக்கு என் கையாலேயே மனு எழுதினேன். ஆகஸ்டு மாதம் வந்தார். வரப்போகிறார் என்பது எங்களுக்குத் தெரியாவிட்டாலும் கூடத்துக்கு இரண்டு நாள் முன்பே தெரிந்திருந்தது. அன்று காலை மீதிப் பதினொரு பெண்களுக்கும் புதுக் கையுறை கொடுக்கப்பட்டது. அவர் போனதும் அத்தனையும் திரும்ப வாங்கி எண்ணி அலமாரியில் பூட்டப்பட்டன. 'குறைபாடு எதுவும் காணப்படவில்லை' என்று எனக்குப் பதில் வந்தது. ஆய்வாளர் திரும்பிச் செல்கையில் அவருடைய சைக்கிளின் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி கட்டியிருந்தது. உள்ளே என்ன என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததை மனுவில் எழுதக்கூடாது.

6. அந்தப் பதிலை ஞாயிறு பூசை முடிந்து குழாயடியில் வாசித்துக் காட்டினேன். கீரை விற்கும் கங்கா துவைத்துக்கொண்டிருந்த துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டு, "ஆபீசருக்குத் தெரியல. நமக்குத் தெரியுது இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு அத்தயே வாங்கினு கீறோம்?" என்று கேட்டார். கூட்டம் போட்டோம், தீர்மானம் நிறைவேற்றினோம் என்று காவல் நிலையத்தில் எழுதியிருப்பது உண்மைக்கு மாறானது. கங்கா கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. மறுநாளிலிருந்து பதினெட்டு வீடுகளில் சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை ஊறவைத்தோம்.

7. இதனால் விளைந்த துன்பங்களையும் மறைக்க விரும்பவில்லை. வெள்ளைத் துணி பழுப்பேறியது. என் கணவர் சென்னை பாடியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். "இன்னாது இது, சட்டை மண்ணு கலர்ல கீது?" என்று சத்தம் போட்டார். காரணத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுப் பழுப்புச் சட்டையோடே வேலைக்குப் போனார். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் கீரைக்கட்டோடு இந்தக் கதையையும் கங்கா சேர்த்துக் கொடுத்ததால் அங்கும் பலர் பால்நிலா வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் தெருக் கடைக்காரர் கோபால், பால்நிலாவை முன்வரிசையிலிருந்து எடுத்துத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் வைத்தார். திரு. ரகுபதி அவர்கள் சோப்புக்கு ஒரு சீப்பு இலவசம் என்று அறிவித்தார். பிறகு குதிரைவண்டியில் ஒலிபெருக்கி கட்டி, 'ஏழைப் பெண்களின் வயிற்றில் அடிக்காதீர்' என்று மூன்று நாள் ஊர்ஊராகச் சொல்ல வைத்தார். ஏழைப் பெண்களைப் பற்றி அவர் வாய் திறந்து நாங்கள் கேட்டது அதுவே முதல் முறை.

8. ஆனால் ஒலிபெருக்கி சொன்னதில் ஒரு பங்கு உண்மை என்பதையும் எழுத வேண்டியவளாக இருக்கிறேன். விற்பனை குறைந்ததும் கூடத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றார்கள். அங்கே சோப்பு அறுக்கும் ரத்னா என்ற பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி, "ஒனக்கு இன்னாக்கா, வேற சோப்பு கீது. எனக்கு வேற வேல கீதா? எங் கை வெந்தா எனக்கு. நீ யாரு கேக்க?" என்றார்.  அன்று முழுவதும் தையல் ஓடவில்லை. பதினெட்டு வீட்டுப் பெண்களும் பேசி, வேலை இல்லாத நாட்களில் அந்தப் பதினொரு வீடுகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொடுப்பது என்று முடிவு செய்தோம். பத்து வீடுகளில் வாங்கிக்கொண்டார்கள். ரத்னா கதவைச் சாத்திக்கொண்டார்.

9. இந்நிலையில் சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து ஏட்டு ஒருவர் வந்து, திரு. ரகுபதி அவர்கள் கொடுத்த புகாரின்பேரில் பதினெட்டுப் பேரும் உடனே ஆஜராக வேண்டும் என்றார். காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை நின்றோம். 'இனி பால்நிலா சோப்பு வாங்கிப் பயன்படுத்துவோம் என உறுதி கூறுகிறோம்' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாதத்துக்கு எத்தனை என்று தாளில் இல்லையே என்று பணிவுடன் கேட்டேன். ஏட்டு எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தாளைப் பார்த்தார். கங்கா, "வாங்கினா போதுமா சார், தொவைக்கவும் தொவைக்கணுமா?" என்று கேட்டதற்கு, "இன்னாம்மா, நக்கலா?" என்று அதட்டினார்கள். அவர் சந்தேகத்தைத்தான் கேட்டார்.

10. படித்தவர்கள் தகராறு செய்வதால் கைநாட்டு வைப்பவர்கள் முதலில் வரட்டும் என்று ஏட்டு சொன்னார். சந்திரம்மாள் அழுதுகொண்டே நின்றார். ஏட்டு தாமே அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் தேய்த்துத் தாளில் அழுத்தினார். வட்டமாக ஒரு கறை விழுந்தது. மீண்டும் அழுத்தினார். வலது விரலையும் எடுத்துப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. சந்திரம்மாள், "அது வுழாது சார். ரேகையெல்லாம் அங்கயே காரத்துல வுட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

ஏட்டு தாளைத் தள்ளி வைத்தார். பிறகு தம் கைக்குட்டையால் அந்த விரலின் மையைத் துடைத்துவிட்டு, "போங்கம்மா. எல்லாரும் வூட்டுக்குப் போங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மறுநாள் அவருக்கு மேலுள்ளவரிடமிருந்து, வரும் திங்கட்கிழமை மீண்டும் ஆஜராகும்படி தகவல் வந்திருக்கிறது.

11. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

கடைக்குப் போய் ஒன்றை வாங்காமல் திரும்புவது குற்றம் என்றால், அந்தச் சட்டத்தின் நகல் ஒன்று வேண்டும். ஒரு குடும்பம் எத்தனை சோப்பு வாங்கினால் நிரபராதி என்பதையும் தெரிவித்தால் அதன்படி நடப்போம். அப்படிச் சட்டம் இல்லையென்றால் திங்கட்கிழமை அழைப்பை ரத்து செய்ய வேண்டும்.

சந்திரம்மாளின் கைக்கு நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்தியம் பார்த்து, கை ஆறியதும் வேலை தர உத்தரவிட வேண்டும்.

கூடத்துக்கு வேறொரு ஆய்வாளரை, சொல்லாமல் கொள்ளாமல் அனுப்ப வேண்டும். அலமாரிச் சாவி மேஸ்திரியின் இடுப்பில் இருக்கிறது. கையுறைகள் புதிதாகவே இருக்கின்றன. அவை பெண்கள் கைக்கு வருகிற அன்றே நாங்கள் பால்நிலா வாங்கத் தயார். நல்ல சோப்பு என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

12. மேலே உள்ளதை எழுதி முடித்த நேரத்தில் ரத்னா என் வீட்டுக்கு வந்தார். ஸ்டேஷனில் நடந்ததைக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். தம் வலது கையை விரித்து என் தையல் மெஷின் மேல் வைத்து, "இன்னும் கொஞ்சம் கோடு மிச்சம் கீது. போறதுக்குள்ள வெச்சிடறேன்" என்று கூறித் தம் பெயரையும் சேர்க்கச் சொன்னார். வேலை போய்விடுமே என்றேன். "போவும். நீ எழுது" என்றார். எங்கள் பதினெட்டுப் பேருக்கு அடுத்துப் பத்தொன்பதாவதாக அவர் கைநாட்டு இணைப்புத் தாளில் உள்ளது.

கூடத்தில் இன்று வேலை செய்கிறவர்களில் துணிந்து பெயர் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். மனுக்களுக்குத் தங்கள் அலுவலகத்தில் வரிசை உண்டு என்பதும், வரிசை நீளமானது என்பதும் நான் அறியாதது அல்ல. அதனால் தபாலில் அனுப்பாமல் முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். ரத்னா திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போவார். தங்கள் ஆய்வாளர் அன்று எட்டு மணிக்கே வந்தால் ரத்னாவைக் கூடத்தில் பார்க்கலாம். பிறகு வந்தால் வீட்டில்தான் பார்க்க முடியும். மாதா கோயில் தெருவில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

இடம்: மண்ணூர்
நாள்: 12-10-1978

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) அன்னபுஷ்பம்

இணைப்பு: மற்றப் பெண்களின் கையெழுத்தும் கைநாட்டும் கொண்ட தாள் ஒன்று, பால்நிலா சோப்பு உறை ஒன்று.