துரைக்கு நான் தேர்ந்தெடுத்த வைன்

1957 ஆகஸ்ட் 26, திங்கள்.

சீமைக்குக் கப்பலேறும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைதான் ஆபீஸ் கணக்கர்களுக்குத் தலைவரான பெரிய கிராணியாக அடுத்து யார் என்று சொல்லிவிட்டுப் போகிறவர். அவருக்குப் பரிசாகக் கொடுக்க, அந்தப் பதவிக்குக் காத்திருக்கும் என் மாப்பிள்ளை என்னைத் தெங்கேராவில் உள்ள மதுக்கடைக்கு அழைத்துப் போனார். எங்கள் கஜா பேராங் வட்டாரத்தில் என்னளவு வைன் தெரிந்தவன் யார்? பிரெஞ்சுக் கறுப்புத் திராட்சையா, ஜெர்மன் பச்சைத் திராட்சையா, மூடியை முகர்ந்தே ஊரைச் சொல்வேன் என்றேன். கனமான சிவப்புப் போத்தலை எடுத்தேன்.

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாப்பிள்ளை அதை நேரே பங்களாவில் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அந்த லேபிளை வர்ணித்தேன். மனைவி சமையலறையில் எண்ணெய் ஊற்றி வைத்திருந்த பழைய போத்தலைக் கொண்டுவந்து காட்டினாள். அதன் லேபிளிலும் அதே திராட்சைக் குலை.

"நம்ம மக பிள்ளை பெத்தப்ப குடிச்ச டானிக் வைன்ங்க இது! அந்தப் பையன் பொழப்புலயா உங்க வாய்ச்சவடாலு?"

கப்பல் பயணத்துக்கு உடம்பு தேறத்தான் எடுத்தேன் என்று காலையில் சொல்லலாம். மாப்பிள்ளை நம்புவார். துரை இந்நேரம் போத்தலைத் திறந்திருப்பாரோ?