கடைசி வரிக்கு முந்தின மூச்சு

ஹெட்ஃபோனின் காதுப் பஞ்சை மாற்றலாமென்று இன்று காலை கழற்றினேன். உன் தைல வாசம் குப்பென்று வந்தது. புதுப் பஞ்சு மேசையிலேயே கிடக்கிறது. பழையதையே திரும்ப மாட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த தோழிகள் நாம். விடுமுறை நாட்களில் உலு திராமில் என் வீட்டுப் பின்னறையில் நீ பாடுவாய், நான் பதிவு செய்வேன். குரலையும் மேளத்தையும் கலக்கும் மிக்ஸிங் முடிந்ததும் பாட்டை ஃபேக்டரி பஸ்ஸில் போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். அந்த இரைச்சலிலும் வரி புரிந்தால் பாட்டு தேறிவிட்டது என்று அர்த்தம்.

நுரையீரல் கெட்டு நீ வேலையை விட்ட பிறகு பாடியது ஒரே ஒரு பாட்டு, உன் மகள் கல்யாணத்துக்காக. வரிக்கு வரி மூச்சு வாங்கியது. முடித்து ஹெட்ஃபோனைக் கழற்றும்போது ஒன்றுதான் கேட்டாய்.

"இத கேட்டுட்டு யாரும் பாவம்னு சொல்லக் கூடாது லா."

நானும் பெரிய சவுண்ட் என்ஜினியர் மாதிரி தலையாட்டி வைத்தேன். அப்புறம்தான் வினை. குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யக் கம்ப்ரஸர் வேண்டும். அதுவோ உரத்ததை அமுக்கி மெல்லியதைத் தூக்குகிற சாமான். உன் மூச்சையும் சேர்த்துத் தூக்கியது. கம்ப்யூட்டரில் சோதனைக்குக் கிடைத்த கம்ப்ரஸர் பிளக்-இன்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டேன். குரலுக்கென்றே செய்ததாம் ஒன்று. அதில் நீ மாடிப்படி ஏறி ஓடி வந்தவள் மாதிரி கேட்டாய். மூச்சையெல்லாம் வெட்டிப் பார்த்தேன், பாடுவது நீயாகவே இல்லை. உச்சத்தைத் தடுக்கிற லிமிட்டரை இறுக்கினேன், பாட்டே சப்பென்று ஆகிவிட்டது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

கடைசியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வரி வரியாக, சில இடத்தில் எழுத்து எழுத்தாக, ஒலி அளவைக் கையாலேயே ஏற்றி இறக்கினேன். நான்கு நாள் பிடித்தது. அதன்மேல் இருப்பதிலேயே சாதாரணமான கம்ப்ரஸர், பட்டும் படாமல். உச்சம் எல்லை தாண்டாமல் பிடிக்க மட்டும் லிமிட்டர். மூச்சுகள் மேளத்துக்குள் அடங்கின. கடைசி வரிக்கு முந்தினது மட்டும் அடங்கவில்லை. அதை வெட்ட எனக்கும் மனசு வரவில்லை.

பஸ்ஸில் போடப் போகிறேன் என்றதும் நீயும் அடம்பிடித்து ஏறிவிட்டாய். பாட்டு பாதியில் ஓடும்போது புது டிரைவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார், "யாரு பாடறது? நல்ல தெம்பான குரலு."

"நான்தான்," என்றாய், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. அன்று எனக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

இறங்கும்போது என் கையைக் கிள்ளினாய். ஒரு மூச்சை விட்டுவிட்டதைக் கண்டுபிடித்துவிட்டாய். இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"இருக்கட்டும்டி. அந்த வரி நீளம். அத இழுத்துப் பாடினவ நான்."

கல்யாண மண்டபத்தில் உன் பாட்டு ஒலித்தபோது முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். யாரும் பாவம் என்று சொல்லவில்லை. மறுமாதம் நீ போய்விட்டாய்.

எந்தக் கம்ப்ரஸர் நல்லது என்று பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் இப்போதும் என்னிடம் கேட்டு வருகிறார்கள். முதலில் கையால் செய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி, உன் பாட்டைப் போட்டுக் காட்டுவேன். கடைசி வரிக்கு முன்னால் நீ மூச்சை இழுக்கும்போது நானும் கூடவே இழுத்துக்கொள்கிறேன். பிறகு நீ பாடுகிறாய்.