இருந்த கால்மணி

இன்று காலை கந்தோருக்குள் நுழைந்ததும் யூக்கலிப்டஸ் தைல மணம். புதிதாக வந்த தட்டெழுத்தாளப் பிள்ளை முழங்காலுக்குப் பூசியிருந்தாள். வேலையைத் தொடங்காமல் வெகுநேரம் கதிரையில் இருந்தேன். நீ போய் ஒரு மாதம்.

இதே அறையில்தான் அப்போது நமக்கு அடுத்தடுத்த மேசை. வேலை முடிந்ததும் கடற்கரை மைதானத்துக்கு ஓடப் போவோம். நான் போனவுடன் பாய்ந்து ஓடுவேன். நூறு யார் தாண்டுமுன் நெஞ்சு அடைக்கும், கால் கல்லாகும். நீயோ மெல்ல ஒரு சுற்று ஓடி, தொடையின் பின்தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டு, வியர்வை துளிர்த்த பிறகுதான் வேகம் எடுப்பாய்.

“சிரிக்காதை. உடம்புக்கு முதல் சொல்லிப்போட்டு ஓடவேணும். இல்லாட்டி அது திடுக்கிட்டுப்போடும்.”

நீ சொன்னபடி செய்து பார்த்தேன். மூச்சு முட்டவில்லை, கடைசி வளைவிலும் கால் நீண்டது. ஆனாலும் உன்னை ஒருநாளும் முந்த முடியவில்லை.

கந்தோர் விளையாட்டுப் போட்டியன்று மழை விட்டுக் குளிர்காற்று அடித்தது. நான் முன்பே வந்து உடம்பைச் சூடாக்கியிருந்தேன். சாம்பல்தீவு பஸ் பிந்தியதால் நீ அப்போதுதான் வந்தாய்.

“ஒரு சுற்று ஓட நேரம் இருக்கே?”

“இல்லை. இப்ப கூப்பிடுவாங்கள். இரு,” என்றேன்.

ஓட்டத்துக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது. போட்டி நடத்துபவர்களின் மேசையில் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். நீ மர வாங்கில் என் பக்கத்தில் அமர்ந்து, ஈரச் சட்டையோடு கதைத்துக்கொண்டிருந்தாய். நான் காலை ஆட்டியபடியே இருந்தேன்.

பாதித் தூரம் நீதான் முன்னால். பிறகு தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். நான் நிற்கவில்லை. உன்னைத் தாண்டி ஓடி முதலாவதாக வந்தேன்.

“தசை கிழிஞ்சிட்டுதாம்,” என்றாய் ஆஸ்பத்திரியில். “குளிர் உடம்போட ஓடினது என்ர பிழை.” நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன் பிறகு நீ ஓடவில்லை; குளிர் நாட்களில் அந்தத் தொடைக்கு யூக்கலிப்டஸ் தைலம் பூசுவாய். கலியாணம் முடித்து மூதூருக்குப் போனாய். லாஞ்சுப் படகில் இக்கரைக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்கு வருவாய். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் வேறு கதை வந்துவிடும்.

உன் செத்த வீட்டில் உன் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களைப் பற்றித்தான் எப்பவும் சொல்லுவா. அண்டைக்கு ஓட்டத்துக்கு முதல் கால்மணி இருந்ததாம். பிறகு ஆரோ சொல்லித்தான் அவவுக்குத் தெரியவந்ததாம். அதை உங்களிட்டக் கேட்டால் நீங்கள் கதைக்காமல் விட்டிடுவியளெண்டு பயந்தவ.”

என்ன கால்மணி என்று அவருக்கு விளங்கியிருக்கவில்லை. திரும்பும் லாஞ்சில் முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவே இருந்தேன். என்னை இழந்துவிடுவோம் என்று நீ பயந்தாய் என்பதுதான் இன்றும் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது.