வேலையை விட்டவர்களை யாரும் தேடவில்லை

என் சுகன்யா அக்காவுக்கு,

கட்டுரை முடிந்துவிட்டது. எங்களை வழிநடத்தும் மேடத்தின் கையெழுத்து இல்லை. வராமலே போகலாம்.

நீ கேலி செய்வாயே. "யாரோ பண்ண ஆராய்ச்சியப் படிச்சிகினு தரம் பாக்கறதுக்கு ஒரு பட்டமாடி? எங்க லைன்ல அதுக்குப் பேரு க்யூசி."

அதேதான். சால்டரிங் புகை, கம்பெனியில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும்போது நீ மூச்சில் இழுத்த அதே புகை, பெண்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்று இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்தோம். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முன்பே விதி எழுதியாகிவிட்டது. இரண்டு பேர், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியாக வடிகட்ட வேண்டும். இன்னொருவன் பிரகாஷ், என்னோடு ஆய்வு செய்கிறவன்.

ஒரே ஓர் ஆய்வில் உன்னைப் பார்த்தேன். எல்லோரும் காண்ட்ராக்ட் பெண்கள். இருமல், மூச்சிரைப்பு, இன்ஹேலரை மறைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போவது. சேர்த்தேன். பிரகாஷ் தள்ளியிருந்தான்.

"புகையில வேலை செய்யாதவங்களோட ஒப்பிட்டுப் பாக்கவே இல்லியே. ரூல் நீதான எழுதின?"

நான்தான் எழுதினேன். நீ உயிரோடு இருந்தபோது.

கல்லூரி ஜன்னலுக்கு வெளியே தண்டலம் சாலையில் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு மதியம் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் தள்ளினேன். உன்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியது போல இருந்தது. அப்படித்தானா?

மிஞ்சிய ஆய்வுகள் பெரிய பாதிப்பு இல்லை என்றன. அதையே முடிவாக எழுதச் சொன்னார் மேடம். ஆனால் அவை எல்லாமே அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களை மட்டுமே பரிசோதித்தவை. மூச்சு முட்டி வேலையை விட்டு, பென்னலூரில் வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாயே, அங்கே யாரும் வரவில்லை. நோயோடு நீ வேலையை விட்டுப் போனதில் உன் லைன் கொஞ்சம் ஆரோக்கியமாகிவிட்டது. கணக்கு அப்படி.

ஆகவே இப்படி எழுதினேன்: பாதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது, வேலையை விட்டவர்களை யாரும் தேடவில்லை.

"இது உங்க அக்காவுக்காக எழுதின வரிம்மா. எடுத்துடு."

"அவளுக்காக எழுதியிருந்தா அந்த காண்ட்ராக்ட் ஸ்டடியத் தள்ளியிருக்க மாட்டேன், மேடம்."

அவர் கையெழுத்துப் போடாமலே ஃபைலை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

வீட்டில் அம்மா, "சொல்றத எழுதிக் குடுத்துட்டு கையெழுத்த வாங்குடி. செத்தவ வந்து இன்னா கேக்கப்போறா?" என்கிறாள். நீ எதைத்தான் கேட்டாய், அக்கா? லீவுகூடக் கேட்டதில்லை.

நாளை மறுபடி அவர் அறைக்குப் போகிறேன். அதே வரியோடு. பிரகாஷும் வருகிறான். முடியாது என்றால் வேறு வழிகாட்டி, வேறு கல்லூரி. வரி போகாது.

அதன் பிறகு உன்னோடு வேலை பார்த்து நின்றுபோன பெண்களைத் தெருத் தெருவாகத் தேடிப் போவேன். புகை படாதவர்களையும் அவர்கள் பக்கத்தில் வைத்து அளப்பேன். அந்த ஆய்வை எந்த விதியாலும் தள்ள முடியாது. நானே வடிகட்ட வந்தாலும்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
சரண்யா