நாலடுக்கு டோலக்

2007 மே 1, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மே தினம். எனக்கும் லீவு, எங்கள் கச்சேரியில் டோலக் வாசிக்கும் டேனியலுக்கும் மில் லீவு. அதனால்தான் ரெக்கார்டிங்கை இன்றைக்கு வைத்தேன்.

எடுத்துப்போனவை: கீபோர்டு, மைக் (எங்கள் பார்ட்டி பாபு அண்ணனுடையது), ஸ்டாண்டு, போர்வை இரண்டு, நோட்டு. மறந்தது: ஹெட்போன் பின். கவரைப்பேட்டையில் டேனியல் வீடுவரை போய், கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பி வந்து எடுத்துப் போனதில் ஒரு மணி நேரம் வீண்.

வேலை இதுதான். டோலக்கில் ஐந்து விதமான அடி. ஒவ்வொன்றையும் நாலு பலத்தில் பதிந்து கீபோர்டில் ஏற்ற வேண்டும். மெதுவாக, நடுத்தரமாக, அழுத்தி, ஓங்கி. கீபோர்டில் கட்டையை லேசாகத் தொட்டால் லேசான அடி வரும், ஓங்கித் தட்டினால் ஓங்கிய அடி வரும். கீபோர்டோடு வரும் டோலக்கில் ஒரே அடிதான். வால்யூம் மட்டும் கூடும், குறையும். கேட்டாலே எரிச்சல்.

ஓங்கிய அடிகள் அரை மணியில் முடிந்தன. மெதுவான ஐந்துக்கு மட்டும் மூன்றரை மணி. மைக்கில் எல்லாம் விழுந்தது. காக்கா. பக்கத்து வீட்டு மிக்ஸி. இருபது நிமிஷத்துக்கு ஒரு ரயில். ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலில் போர்வை கட்டினேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

வாசலிலிருந்து டேனியல் அம்மா: "இன்னா முரளி, எம் புள்ளய வேகவெச்சி எடுக்கப் போறியா?"

"சத்தம் போடாதீங்கம்மா. ரெக்கார்டிங் ஓடுது."

"இது எங்க ஊடு நைனா."

டேனியல் சிரித்துவிட்டான். சிரிப்பும் விழுந்தது. மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் அவன் மூச்சு. ஹெட்போனில் துருத்தி மாதிரி கேட்டது.

"மச்சான், மூச்சு வுடாத. மைக்ல வுழுது."

"செத்துப்பூடுவேன்டா."

"அட்ச்சி மூணு செகண்டு கம்முனு இரு. அப்பால வுடு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மெதுவான அடிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, விரல் நுனியால் அடித்தான். அடித்துவிட்டு என்னைப் பார்ப்பான். நான் கையை இறக்கினால்தான் மூச்சு விடுவான். ஐம்பது தடவையாவது இருக்கும். பனியனைப் பிழியலாம்.

"ஓங்கி அட்ச்சா எவனுக்கும் கேக்கும் மச்சான். பாட்றவன் கொரல எறக்குவான் பாரு, அப்ப நா அடிக்கறது இதான். இத்த நல்லா புடி."

சரி சரி, அடுத்தது என்றேன்.

மே 5, சனி

வேலை முடிந்து வந்து வெட்டல், ஒட்டல். இருபது சத்தமும் மெமரியில் அடங்கிவிட்டன. அடுக்கு மாறும் இடம்: 40, 75, 105. கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதற்கு 1 முதல் 127 வரை எண் உண்டு, வெலாசிட்டி என்பார்கள். அதில் 40 வரை மெதுவான அடி. இப்படியே மேலே.

முதல் தடவையே சரியாக உட்கார்ந்தது. டோலக் பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. டேனியலுக்குப் போன் போட்டு ரிசீவரைக் கீபோர்டில் வைத்தேன். "டேய், என் கைடா அது," என்றான். நாலைந்து தடவை சொன்னான்.

சோப்பு வாங்க வேண்டும். ஷூ தைக்க வேண்டும்.

மே 13, ஞாயிறு

பாபு அண்ணனின் சவுண்டு சர்வீஸ் குடோனில் ஒத்திகை. கச்சேரி பார்ட்டி அவருடையது. டேனியலுக்கு இன்று லீவு கிடைக்கவில்லை. அதனால் டோலக்கை நான் கீபோர்டிலேயே வாசித்தேன்.

பாபு அண்ணன்: "இன்னாடா இது, ஒரு அடி கேக்குது, ஒரு அடி கேக்கல?"

கேட்காதவை கீழ் அடுக்கு என்று நினைத்துக்கொண்டேன். விளக்கியிருக்கலாம். மிக்சரில் ஏற்றச் சொல்லியிருக்கலாம். யாருக்குப் பொறுமை. மெனுவில் போய் வெலாசிட்டியை ஃபிக்சட் 127 என்று வைத்தேன். இனி எப்படித் தொட்டாலும் ஓங்கிய அடிதான் வரும். இரண்டு செகண்டு வேலை.

"ஆங். இப்பதான் டோலக்கு." கொஞ்சம் யோசித்து, "அப்ப டேனியல் எதுக்குடா? வேன்ல ஒரு ஆளு, தனியா ரெண்டு மைக்கு."

தேவையில்லைதான் என்றேன். கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"நீயே சொல்லிடு. உன் ஃப்ரெண்டு தான."

மே 15, செவ்வாய்

ஸ்டேஷன் வாசல் டீக்கடை. டேனியல் டூட்டி முடிந்து வந்திருந்தான். சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன்: "இனிமே டோலக்க தூக்கிக்கினு நீ அலைய வேணாம் மச்சான். எல்லாம் பொட்டிக்குள்ள வந்துடுச்சி."

ஏதோ உபகாரம் செய்தவன் மாதிரி.

பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தான். பாதி பன் உள்ளேயே விழுந்துவிட்டது. "சரி மச்சான்," என்றான். ஸ்பூன் கேட்டு வாங்கி அதை எடுத்துத் தின்றான்.

ரயில் வந்தது, ஏறிவிட்டேன்.

ஜூன் 11, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன்.

நேற்றுச் சாயங்காலம் கவரைப்பேட்டை கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் கச்சேரி. டேனியல் வேலை செய்யும் மில்லில்தான் மாப்பிள்ளை ஃபிட்டராம். எனக்குத் தெரியாது. மூன்றாவது பாட்டில் நிமிர்ந்து பார்த்தால் நாலாவது வரிசையில் டேனியல், மில் ஆட்களோடு. வெள்ளைச் சட்டை.

பாபு அண்ணனும் பார்த்துவிட்டார். மைக்கைப் பிடித்து, "நீங்க இப்ப கேட்டுக்கினு கீற டோலக்கு நம்ம டேனியல் தம்பி கைதான். ஆளு அங்க, கை இங்க." எல்லோரும் கை தட்டினார்கள். டேனியல் எழுந்து கும்பிட்டான்.

சாப்பாட்டு வரிசையில் மில்காரன் ஒருவன்: "இன்னா டேனி, கைய கழட்டி வாடகைக்கு வுட்டுட்டியா?" இன்னொருவன்: "இன்னா அற அறையிற. கல்யாணத்துக்கு வந்தியா, சண்டைக்கு வந்தியா?" டேனியலும் சேர்ந்து சிரித்தான். பிறகு தட்டோடு என் பக்கம் வந்தான்.

"மச்சான், மெதுவா அட்ச்சது எங்க?"

"உள்ளதான்டா இருக்குது."

"எங்க இருக்குது? ரெண்டு மணி நேரமா கேட்டுக்கினு கீறேன். தாலாட்டு மாரி ஒரு பாட்டு வந்திச்சே, அதுக்கும் பட்டு பட்டுனு அதே அற. நா அப்டி அடிப்பனாடா?"

ஃபிக்சட் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு மாதமாக அப்படியே இருக்கிறது. ஐந்து கச்சேரி.

"இல்ல மச்சான், செட்டிங்கு..."

"என்னிய வேணாம்னு சொன்ன, சரி. அது உங்க பார்ட்டி. எம் பேர சொல்லி இத்தயா போடுவ?"

கத்தவில்லை. அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னான். பாயசம் வந்தது. எனக்கு வேண்டாம் என்றேன். அவன் வாங்கிக்கொண்டான்.

ஜூன் 13, புதன்

பாபு அண்ணனைப் பார்த்தேன். டோலக்குக்கு டேனியல்தான் வேண்டும், பெட்டியில் சரியில்லை என்றேன்.

"நீதானடா போதும்னு சொன்ன?"

"தப்பா சொல்லிட்டேண்ணே."

"சரி, வரச் சொல்லு. உன்னோட பேஜாரு."

இவ்வளவு சுலபம். மே 13 அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். அன்றும் ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

ஜூன் 15, வெள்ளி

டேனியல் வீடு. அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை எளாவூரில் கச்சேரி, நீ வா, பாபு அண்ணன் சொல்லிவிட்டார் என்றேன். வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

"ஞாயித்துக்கெழம டூட்டி எழுதிக் குடுத்துட்டேன் மச்சான்."

"ஒரு வாரம் தானடா. மாத்திக்கோ."

"ஒரு வாரம் இல்ல. எல்லா வாரமும்."

ஆறு வருஷமாக இந்த ஞாயிற்றுக்கிழமைக்காக சூப்பர்வைசரிடம் சண்டை போட்டவன். காய்ச்சல், சித்தப்பா சாவு, ஞானஸ்நானம் என்று எத்தனை பொய். ஒரே சித்தப்பாவை மூன்று தடவை சாகடித்திருக்கிறான். போன மாதம் அவனே போய்க் கையெழுத்துப் போட்டானாம். அன்று ரிசப்ஷனுக்கும் டூட்டி முடிந்துதான் வந்தானாம். அவன் விட்ட ஞாயிறு லீவுக்கு நாலு பேர் நின்றார்களாம், அதனால் திரும்ப மாற்ற முடியாது.

"எப்ப எழுதிக் குடுத்த?"

"நீ டீக்கடைல சொன்னியே, அதுக்கு மறுநாளு."

மன்னிப்பு கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, "இவ்ளோ அவசரம் இன்னாத்துக்குடா?" நான் கேட்கிறேன் இதை.

அவன் அம்மா நாஷ்டா சாப்பிடச் சொன்னார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். ஆகவில்லை.

ஜூன் 17, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. சாயங்காலம் எளாவூர். வேன் மூன்று மணிக்கு.

காலையில் ஃபிக்சட்டை எடுத்தேன். டோலக் வாசித்துப் பார்த்தேன். ஓங்கிய அடிதான் வந்தது. செட்டிங் சரியாக இருக்கிறதா என்று எண்ணைத் திரையில் போட்டுப் பார்த்தேன். 118, 121, 109, 124. மெதுவாக என்று நினைத்து வாசித்தேன். 112, 107. இன்னும் மெதுவாக. 98.

என் விரல் அப்படி. ஃபிக்சட் போடாமல் இருந்திருந்தாலும் கீழே இருக்கிற இரண்டு அடுக்கைத் தொட்டிருக்க மாட்டேன். அன்று பாபு அண்ணனுக்குக் கேட்காதது மூன்றாவது அடுக்காகத்தான் இருக்கும்.

அரை மணி நேரம் முயற்சி. டீ ஆறிப்போனது. கடைசியில் ஒரு கட்டையில் விரலை வைத்து, தூங்குகிறவனை எழுப்பாமல் போர்வையை இழுக்கிற மாதிரி அழுத்தினேன். 23.

வந்தது. டேனியலின் விரல் நுனி. தோலில் படுவதும் எடுப்பதும் கேட்கிறது. ஹெட்போனில் வால்யூமை முழுக்க ஏற்றி மறுபடி அழுத்தினேன். 26. அடி முடிந்து மூன்று செகண்டு. அவன் மூச்சு கேட்குமா என்று பார்த்தேன்.

இல்லை. சுத்தமாக இருக்கிறது.