அவன் ஏன் சிரிக்கிறான்?

மார்ச் 2

அன்புள்ள ஹக்கீம்,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அதிபர் மாளிகையில், பெரியவரின் செயலகத்தில் உட்கார்ந்துகொண்டு எவனாவது நலமில்லை என்று சொல்வானா? போனில் பேசுகிற விஷயம் இல்லை, அதனால் டிரைவரிடம் ரொட்டி மூட்டைக்குள் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன்.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன்னால் அமைச்சரவையை மாற்றப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பட்டியல் எழுதுகிறவன் நீ. கேட்டுவிடுகிறேன்: என் பெயரை விட்டுவிடு.

பத்தொன்பது வருஷம், அப்பா! பருத்தி, சாலை, விளையாட்டு, மின்ஸ்கில் தூதர், இப்போது நீர்வளம். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று "உங்கள் நம்பிக்கைக்கு நன்றி" என்று சொல்லிச் சொல்லி வாயே கோணிப்போச்சு. இந்த முறை கல்வியாமே? பரீட்சையில் உன்னைப் பார்த்து எழுதியே பாஸானவன் நான். ராஜினாமா கொடேன் என்று மட்டும் சொல்லாதே. ராஜினாமா கொடுத்தவன் எவனாவது இன்றைக்கு வீட்டில் இருக்கிறானா?

மவ்ஜூதா இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் ஊரில் கைத்தடியோடு தனியாக இருக்கிறாள். போன வாரம் சொன்னாள்: "மந்திரியா இருந்தது போதுங்க. மிச்ச நாளுக்கு எனக்குப் புருஷனா இருங்க." எனக்கு அவளிடம் போகவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

உன்,
பரோத்தலி

மார்ச் 6

அடே சோம்பேறி,

ரொட்டி நன்றாக இருந்தது. கடிதம்தான் தொண்டையில் அடைத்தது.

நீ நினைக்கிற மாதிரி இது சுலபமில்லை. பதினோரு நாற்காலி, அதே பதினோரு பேர். சாலையை எடுத்துச் சுகாதாரத்தில் வைப்பேன், சுகாதாரத்தை எடுத்துப் பருத்தியில் வைப்பேன். ஒருத்தனை விட்டால் வெளியிலிருந்து ஒருத்தனைக் கொண்டுவரவேண்டும். வெளியாள் என்றாலே அவருக்கு ஆகாது.

இருந்தாலும் மவ்ஜூதாவுக்காகச் செய்கிறேன். உனக்காக இல்லை, ரொம்பப் பூரிக்காதே. "வேலையில் சுணக்கம், ஆகவே விடுவிப்பு" என்று எழுதியிருக்கிறேன். டிவி கேமரா முன்னால் இரண்டு நிமிஷம் திட்டுவார். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் திட்டுவதை எல்லாம் எழுதிக்கொள். தலை குனிந்திருக்கட்டும். முகம் இழவு வீட்டு முகமாக இருக்கட்டும். அவ்வளவு செய்தால் போதும், மறுநாள் நீ ஊரில் இருக்கலாம்.

ஏதாவது கோளாறு பண்ணினால் உருளப்போவது என் தலை. ஞாபகம் வைத்துக்கொள்.

ஹக்கீம்ஷோ

மார்ச் 15

அருமை நண்பா,

முடிந்தது! உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

வாய்க்கால் வறண்டதற்கு நான்தான் காரணம் என்றார், எழுதிக்கொண்டேன். அணைக்கட்டில் புல் முளைத்ததற்கும் நான்தான் என்றார், அதையும் எழுதிக்கொண்டேன். கடைசியில் "பதவியிலிருந்து விடுவிக்கிறேன்" என்றார். எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

ஒன்றே ஒன்று, ஹக்கீம். அப்போது கொஞ்சம் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. எனக்கே தெரியவில்லை. மவ்ஜூதா போன் பண்ணி, "டிவியில பாத்தேன். பதவி போச்சுன்னு சொல்றாங்க, நீங்க கல்யாண மாப்பிள்ளை மாதிரி இளிக்கிறீங்களே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு வருஷமாச்சு!

யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். பெட்டி கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன்.

பரோத்தலி

மார்ச் 17

பரோத்,

பெட்டியைப் பிரித்துவிடு.

பெரியவர் அந்தப் பதிவை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். "இவன் ஏன் சிரிக்கிறான்? என்னை விட்டுப் போறதுல இவனுக்கு என்ன சந்தோஷம்? எவன்கிட்டப் போறான்? பட்டியல்ல இவன் பேரை எடுத்தது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். வேறு யார் பெயரைச் சொல்வது?

இருபதாம் தேதி கூட்டத்தில் என்னை நீக்குகிறார். என் நாற்காலியில் நீ. பக்கத்திலேயே வைத்துக் கண்காணிக்கப்போகிறாராம்.

வருகிறவன் போகிறவனுடைய குற்றங்களைப் படிக்கவேண்டும் என்பது வழக்கம். உனக்கு அதை எழுத வராது என்று நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கோப்புகள் தாமதம், மதியத் தூக்கம், கூட்டத்துக்கு நேரம் கழித்து வருதல். எல்லாம் லேசான குற்றம். இதோடு நின்றால் பென்ஷனோடு மகள் வீட்டுக்குப் போய்விடுவேன். ஒரு சொல் கூட்டாதே, குறைக்காதே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சிரிப்பு வந்தால் மனுஷன் என்னதான் செய்வான்!

ஹக்கீம்

மார்ச் 24

ஹக்கீம்,

உன் மகள் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். உன்னை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் சொல்லவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கே சொல்லவில்லை.

நீ எழுதியதை எழுதியபடியே படித்தேன். அது உனக்குத் தெரியும், எதிரில்தான் நின்றாய். படித்து முடித்ததும் அவர் கேட்டாரே, "இவ்வளவுதானா? நாற்பது வருஷப் பழக்கம். வேற ஒண்ணுமே தெரியாதா உனக்கு?" என்று. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கேமராவும் திரும்பியது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. களைப்பாக இருந்தது, ஹக்கீம். எப்படியாவது உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

பெரியவருக்கு மறதி வந்துவிட்டது, மந்திரிகளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் கூப்பிடுகிறார் என்று போன இலையுதிர் காலத்தில் உன் வீட்டுச் சமையலறையில் என்னிடம் சொன்னாயே. அதைச் சொல்லிவிட்டேன். அதுவரை எழுதிக்கொண்டிருந்த நீ பேனாவை மூடி வைத்தாய். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அவர் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

எங்கே இருந்தாலும் ஒரு வரி போடு. திட்டி எழுது, பரவாயில்லை. உன்னைத் தேடிப்பார்க்க இரண்டு பேரிடம் சொன்னேன். இரண்டு பேரும் அதைக் குறித்துக்கொண்டு, முதலில் அவரிடம்தான் போனார்கள்.

மவ்ஜூதா அன்றைக்கும் டிவி பார்த்திருக்கிறாள். கூட்டம் முடிந்ததும் நானே போன் பண்ணினேன். கோடைக்குள் எப்படியாவது வந்துவிடுகிறேன் என்றேன். "வேண்டாங்க, நீங்க அங்கேயே இருங்க" என்று வைத்துவிட்டாள்.

பரோத்தலி