ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ

நைனா,

சனிக்கிழமை மாமல்லபுரம் பக்கத்து மைதானத்தில், எனக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவர் விளம்பரத் தகரத்தில் உள்ளங்கையால் டம் டம் என்று இரண்டு தட்டு தட்டினார். ஆர்வம் தாங்காமல் தட்டியிருப்பார், அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வலது கால் தானாக எழும்பி முன்னால் போனது. பக்கத்து நாற்காலி அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மைதானத்தில் உன் பேத்தி. கால்பந்து கிளப் அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம். பார்க்க வேண்டியது அவளை. நான் உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் தனியார் பஸ்ஸில் நீ கண்டக்டர். விசில் கழுத்தில் தொங்கினாலும் நீ நம்பியது கையைத்தான். பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் ரைட்டு, போ. விடியலில் ஏரிக்கரையில் என்னை ஓடவிட்டதும் அப்படியேதான். டிவிஎஸ்ஸில் பின்னாலேயே வந்து அதன் டேங்கைத் தட்டுவாய். இரண்டுக்கு ஓடுவேன், ஒன்றுக்கு நிற்பேன். மூச்சு வாங்கி நானாக நின்றுவிட்டால், "இன்னா, பஸ் ஸ்டாண்டா இது? நின்னுகினு கீற!" என்பாய். பெண் பிள்ளை வெயிலில் கறுத்துப் போகிறாளே என்று அம்மா புலம்புவாள். "ஸ்போர்ட்ஸ் கோட்டால கவர்மென்ட் வேலை வந்தா எவன்டி கலரைக் கேக்கப் போறான்?" என்று அவள் வாயை அடைத்துவிடுவாய்.

கடற்கரைச் சாலையில் நான் ஆடப் போன கிளப்பில் மற்ற பிள்ளைகள் காரில் வந்து இறங்குவார்கள். நான் உன் பஸ்ஸின் படிக்கட்டிலிருந்து குதிப்பேன். கார் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், கத்துவதில் மட்டும் அங்கே அப்பாக்கள் எல்லோரும் ஒரே ஜாதி. ஒருநாள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகு, கோச் சார் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. எல்லோரும் அடங்கினார்கள். நீயும் வாயைத் திறக்கவில்லை. நேராகத் தகரப் பலகையோரம் போய் நின்றுகொண்டாய்.

"பேசக் கூடாதுன்னுதான சொன்னாரு? தட்டக் கூடாதுன்னு சொன்னாரா?"

எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அத்தனை பேர் நடுவில் நம் இருவருக்கு மட்டும் புரியும் பேச்சு. ஆனால் போகப் போகப் பந்தைப் பார்ப்பதைவிட உன் தட்டுக்குக் காது கொடுப்பதே என் வேலையாகிவிட்டது. இடதுபக்கம் ஒருத்தி தனியாக நிற்பது கண்ணில் படும். தட்டு வராமல் பந்தைத் தள்ள மாட்டேன். கோச் சார் இரண்டு மூன்று முறை கேட்டார், "எதுக்கும்மா காத்துகினு கீற?"

அப்படியே அந்தத் தேர்வு ஆட்டம் வந்தது. அதில் எடுத்தால்தான் மாநிலப் போட்டிக்குப் போகும் அணியில் இடம். உன் கோட்டாக் கணக்கெல்லாம் அங்கேதான் தொடங்கியது. காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாய். முதல் பாதி முடியும் நேரம். நடுவிலிருந்து வந்த பந்து என் காலில் விழுந்தது. எல்லோரும் எனக்குப் பின்னால். முன்னால் கோல்கீப்பர் மட்டும். தகரத்தில் இரண்டு தட்டு. ஓடினேன். காற்று காதில் இரைந்தது. இன்னும் நாலடி போனால் உதைத்துவிடலாம்.

டம். ஒரே ஒரு தட்டு.

நின்றுவிட்டேன் நைனா. நடுரோட்டில் பிரேக் போட்ட பஸ் மாதிரி நின்றேன். பந்து தன்பாட்டுக்கு உருண்டு போய் கோல்கீப்பரின் கைக்குள் புகுந்தது. யாரோ சிரித்தார்கள். நடுவர் ஊதினாரா என்று எங்கள் பெண்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், உனக்கும்.

இடைவேளையில் கோச் சார் கோட்டைத் தாண்டி உன்னிடம் வந்தார். கத்தவில்லை. "யாரு ஆடறதுன்னு முடிவு பண்ணுங்கண்ணா. நீங்களா, உங்க பொண்ணா? ரெண்டு பேரை நான் எடுக்க முடியாது." நீ டிக்கெட் பையைக் கழற்றிக் கீழே வைத்தாய். கோட்டுக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்தாய். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாய்.

இரண்டாம் பாதியில் எனக்குப் பந்து வந்தது. காத்திருந்தேன். தகரம் பேசவில்லை. திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முகத்தைக்கூடக் கொடுக்கவில்லை. அதற்குள் பந்தை ஒருத்தி பறித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த நிமிடம் உன்னை எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா? இத்தனை வருஷம் தட்டித் தட்டி ஓட்டிவிட்டு, நடுவழியில் இறக்கிவிட்டுப் போகிறாயே! அந்தக் கோபத்திலேயே ஓடினேன். யாரையும் கேட்காமல் இடதுபக்கம் பந்தைத் தள்ளினேன், திரும்ப வாங்கினேன், உதைத்தேன். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

அணிப் பட்டியலைப் படித்தபோது என் பெயர் இல்லை.

திரும்பும்போது உன் பஸ்ஸிலேயே கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். வேறொருவர் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறாய் என்று சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டித்தான் நீ பேசினாய்.

"கோலு கிட்ட, பின்னாலருந்து ஒரு பொண்ணு காலை நீட்டிகினு வந்துச்சு. ஒன் காலு ஒடஞ்சிடும்னு பயந்துட்டேன் கண்ணு. கை தானா தட்டிடுச்சு."

வேலைக்காக, பேருக்காக என்னை விரட்டுகிறவன் என்றுதான் அதுவரை உன்னை நினைத்திருந்தேன். நிற்கச் சொன்ன தட்டு பயத்தில் வந்தது என்று தெரிந்ததும் அழுதுவிட்டேன். நீ என் தலையைத் தொடவில்லை, எதையும் செய்யவில்லை. "கம்பத்துல பட்டுச்சே, அது சூப்பரு" என்றாய். பிறகு, "இனிமே ரைட்டு நீயே குடுத்துக்க" என்றாய்.

அடுத்த ஆண்டு எடுத்தார்கள். கல்லூரி வரை ஆடினேன். கோட்டாவில் வேலை மட்டும் கடைசிவரை வரவில்லை, நீயும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வந்தாய். ஒவ்வோர் ஆட்டத்திலும் கைமேல் உட்கார்ந்தாய். போன மழைக்காலத்தில் நீ எங்களை விட்டுப் போனபோதுகூட உன் கைகளைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஆட்டம் முடியும் தறுவாயில் உன் பேத்திக்குப் பந்து கிடைத்தது. உன்னைப் போல நெற்றி, என்னைப் போல ஓட்டம். எதிரே ஒரு பெரிய பெண் இடிக்கிற மாதிரி வந்தாள். உன் பேத்திக்கு முழங்காலில் போன மாதம்தான் அடிபட்டிருந்தது. "நில்லுடி" என்று என் நெஞ்சுக்குள் ஒரு குரல். அவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

நிமிர்ந்தபோது அவள் ஓடிக்கொண்டிருந்தாள். என் கைகள் இரண்டும் எனக்கு அடியில் இருந்தன. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. விரல்கள் மரத்து, நாற்காலியின் வரிகள் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

ரொம்ப வலிக்கிறது நைனா. நீ மண்ணிலும் கல்லிலும் அல்லவா உட்கார்ந்திருந்தாய்.